பெயர் தெரியும் முன்பே

அன்புள்ள ஐயா,

விடுமுறையில் ஜேசன் பார்ன் படங்களில் முதல் மூன்றையும் வரிசையாகப் பார்த்தேன். ஒரு விஷயம் உறுத்துகிறது. தான் யாரென்றே மறந்துபோனவன் அவன். அவனைக் கொலைகாரனாக ஆக்கியது அமெரிக்க உளவு அமைப்பான சிஐஏ. அப்படியிருக்க, பழைய கொலைகளுக்கு அவன் ஏன் பொறுப்பேற்க வேண்டும்? இரண்டாம் படத்தின் கடைசியில் அந்த ரஷ்யப் பெண்ணிடம் போய் நிற்பது தேவையில்லாத சென்டிமென்ட் என்று பட்டது. நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

— ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

தேவையில்லை என்று நீங்கள் சொல்லும் அந்தக் காட்சிக்காகத்தான் நான் அந்தப் படத்தைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன்.

2004-ல் வந்த ‘தி பார்ன் சுப்ரமசி’. மாஸ்கோவில் கார் துரத்தல் முடிந்துவிட்டது. வழக்கமான படமென்றால் அத்தோடு சரி. இவனோ தோளில் குண்டுக் காயத்தோடு, நொண்டி நொண்டி ஓர் அடுக்குமாடி வீட்டைத் தேடிப் போகிறான். நீங்கள் சொன்ன அந்த ரஷ்யப் பெண் இரேனா உள்ளே வரும்போது அங்கே உட்கார்ந்திருக்கிறான். திருட வந்தவன் என்று நினைத்து, பணம் இல்லை, போதை மருந்தும் இல்லை என்கிறாள் அவள். அவன் பேச்செல்லாம் அங்கிருக்கும் அவளுடைய பெற்றோர் படத்தைப் பற்றித்தான். அப்பாவைக் கொன்றுவிட்டு அம்மா தற்கொலை செய்துகொண்டாள் என்று நம்பி வளர்ந்த பெண் அவள். அப்படி நடக்கவில்லை, நான்தான் இருவரையும் கொன்றேன் என்கிறான். அப்பா தனியாக இருப்பார் என்று நினைத்துப் போனதையும், அம்மா எதிர்பாராமல் வந்துவிட்டதையும் சொல்கிறான். அது தன் வேலை என்றும் சொல்கிறான், ஆனால் அந்த வார்த்தைக்குப் பின்னால் ஒளிந்துகொள்வதில்லை.

மறதி அவனுக்குத்தானே வந்தது? அவளுக்கு வரவில்லையே. செய்யாத கொலையின் பழியை அவள் அம்மா அத்தனை வருஷமாகச் சுமந்துகொண்டிருந்தாள். இவனுக்கு ஞாபகம் இல்லை என்பதால் அது இறங்கிவிடுமா?

சிஐஏ பற்றி நீங்கள் சொல்வது பாதி சரி. 2007-ல் வந்த மூன்றாம் படத்தில் அவனைத் தூங்கவிடாமல், தண்ணீரில் அமுக்கி, உடைத்தே பழக்குகிறார்கள். அந்தக் குற்றம் அவர்களுடையதுதான். ஆனால் அதே படத்தில் இன்னொன்றும் தெரியவருகிறது: அவனை யாரும் இழுத்து வரவில்லை, தானாக முன்வந்தவன். என்னை ஏமாற்றிவிட்டார்கள் என்று தப்பிக்க இருந்த கடைசி வழியையும் கதை அடைத்துவிடுகிறது. இதை எழுதத் துணிச்சல் வேண்டும். ஜேம்ஸ் பாண்டுக்குக் கொல்லும் உரிமம் இருக்கிறது, அதனால் பெரும்பாலான படங்களில் செத்தவனின் பிள்ளைகளைப் பற்றி யாரும் நினைப்பதில்லை.

அடையாளம் என்று வந்தால், முதல் படத்தில் சூரிச் வங்கிப் பெட்டியைத் திறக்கிறானே, அதை நினைத்துப் பாருங்கள். கட்டுக்கட்டாகப் பணம், துப்பாக்கி, தன் முகத்தோடு வெவ்வேறு பெயர்களில் பாஸ்போர்ட்டுகள். ஜேசன் பார்ன் அவற்றில் ஒன்று, அவ்வளவுதான். உண்மைப் பெயர் டேவிட் வெப் என்பதை இரண்டாம் படத்தின் கடைசியில் சிஐஏ அதிகாரி பமேலா லாண்டி போனில் சொல்கிறாள். அந்த போன் எப்போது வருகிறது? மாஸ்கோவுக்கு அப்புறம். தன் பெயர்கூடத் தெரியாத நிலையில்தான் அவன் இரேனா முன்னால் உட்கார்ந்து மன்னிப்புக் கேட்கிறான். இந்த வரிசையை மாற்றி, பெயர் முதலில், மன்னிப்பு பிறகு என்று வைத்திருந்தால் நீங்கள் சொன்னதுபோல அது வெறும் சென்டிமென்டாகியிருக்கும்.

முடிந்தால் அந்தக் கடைசிப் பகுதியை மட்டும் இன்னொரு முறை பாருங்கள். இந்த முறை அவனை விட்டுவிட்டு, இரேனாவின் முகத்தைப் பாருங்கள்.

அன்புடன்.