பொங்கல் முடிந்தாலும் கழற்ற வேண்டாத வாசல் அலங்காரம்

கேள்வி: தீபாவளிக்கும் பொங்கலுக்கும் வாங்கும் தோரணம், ஸ்டிக்கர் கோலம், சீரியல் லைட் எல்லாம் தை முடிவதற்குள் குப்பைக்குப் போய்விடுகின்றன. ஆண்டு முழுக்க இருந்தாலும் பழசாகத் தெரியாதபடி வாசலை எப்படி அலங்கரிப்பது? நிலை மூன்றரை அடி அகலம். படி, பாலிஷ் போட்ட கறுப்பு கிரானைட்.
– ஒரு வாசகி, காவேரிப்பட்டணம்

பதில்: எப்போதும் இருக்க வேண்டியது எது, பண்டிகைக்கு மட்டும் ஏறி இறங்க வேண்டியது எது என்று முதலில் பிரித்துவிடுங்கள். 'ஹேப்பி தீபாவளி' எழுத்தோ பொங்கல் பானைப் படமோ இருக்கும் பொருள் மறுவாரமே பழசுதான். நிரந்தரமாக இருப்பதில் எழுத்தும் படமும் வேண்டாம்.

தோரணத்தில் ஆரம்பியுங்கள். பிளாஸ்டிக் தோரணம் வெயிலில் வெளுத்து நொறுங்கும், தூசியும் போகாது. துணியில் தைப்பதே நல்லது. உங்கள் நிலை 42 அங்குலம். 2 அங்குல அகலம், 6 அங்குல நீளத்தில் இலை வைத்து, நடுவே அரை அங்குலம் இடைவெளி விட்டால் 17 இலைகள் கச்சிதமாக அடங்கும். ஒற்றைப்படை என்பதால் நட்டநடுவில் ஓர் இலை விழும். இலைக்கு இரண்டு துண்டு வீதம் 34 துண்டுகள். தையலுக்கும் சேர்த்து ஒவ்வொன்றும் இரண்டரைக்கு ஆறரை அங்குலம். 36 அங்குலப் பன்னாவில் (துணியின் அகலம்) முக்கால் மீட்டர் கெட்டிப் பருத்தித் துணி தாராளம். மேல்பட்டைக்குப் பழைய காட்டன் சேலையின் கரை போதும். வெட்டும் முன் துணியை ஓர் இரவு ஊறவைத்துக் காயவையுங்கள்; இல்லாவிட்டால் முதல் சலவையிலேயே சுருங்கி இலைகள் கோணிக்கொள்ளும். சிவப்பு, மெரூன் துணியை ஈரமான வெள்ளைத் துணியால் தேய்த்துப் பாருங்கள். சாயம் ஒட்டினால் அதைத் தொடாதீர்கள்.

இரண்டு பக்கமும் ஆணி அடித்துக் கயிற்றில் கட்டினால் நடுவில் தொய்ந்து தலையில் தட்டும். பட்டையை 5 அங்குல அகலத்தில் வெட்டி, மடித்துக் குழல் போலத் தைத்து, உள்ளே முக்கால் அங்குல வயரிங் பைப்பைச் செருகுங்கள். நிலையில் இரண்டு கொக்கி போதும். துவைக்கும்போது பைப்பை உருவிவிடலாம். பண்டிகையன்று மாவிலைச் சரத்தை அந்தப் பைப்பின் இரு முனையிலும் கட்டினால் துணி மறைந்துவிடும். மாவிலைக்கு நம் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் பஞ்சமா என்ன! ஓசூர்ப் பக்கம் யுகாதி கொண்டாடும் வீடுகள் வேப்பங்கொத்தையும் இதிலேயே செருகிக்கொள்ளலாம். இலை சுருளும் முன் எடுத்துவிடுங்கள், அவ்வளவுதான்.

படிக்கு வருவோம். பாலிஷ் கிரானைட்டில் எனாமல் பெயின்ட் கோலம் வேண்டவே வேண்டாம். வழவழப்பான கல்லில் பெயின்ட் பிடிக்க இடமில்லை. மிதிபட மிதிபடச் செதிலாக உரியும், மழை நாளில் வழுக்கும். ஸ்டிக்கரோ ஓரம் தூக்கி அடியில் அழுக்குச் சேர்க்கும், பசையைச் சுரண்டி எடுப்பது பெரும்பாடு. அதற்குப் பதில் ஒரு கோலப் பலகை செய்து வாசற்சுவரில் மாட்டுங்கள். 2 அடிச் சதுரமாக 12 மி.மீ. மரைன் பிளைவுட், ஒரு பூச்சு பிரைமர், அதன்மேல் செங்காவி நிறத்தில் இரண்டு பூச்சு எனாமல், அதில் வெள்ளை எனாமலில் கம்பிக்கோலம். ஒவ்வொரு பூச்சும் ஒரு முழுநாள் காய வேண்டும். அவசரப்பட்டால் மேல்பூச்சு சுருங்கும். ஓரங்களுக்கும் பிரைமர் அடிக்க மறக்காதீர்கள், பிளைவுட் ஈரம் குடிப்பது அந்த வழியாகத்தான். படியைப் பண்டிகை நாளின் மாக்கோலத்துக்கு விட்டுவிடுங்கள். ஊறவைத்து அரைத்த பச்சரிசி மாவின் வெள்ளை இழை, கறுப்புக் கல்லில் எடுப்பதுபோல வேறெதிலும் எடுக்காது.

பூ மிதக்கவிடும் பித்தளை உருளி இருந்தால் அதையும் பரணில் ஏற்ற வேண்டாம். விசேஷ நாளில் சாமந்தி, மற்ற நாளில் உள்ளே கண்ணாடிக் கிண்ணம் வைத்து மணி பிளான்ட். செடியை நேராகப் பித்தளையில் வைத்தால் தண்ணீரில் இறங்கும் செம்பு வேரைக் கெடுக்கும். இங்கே பல இடங்களில் போர் தண்ணீர் உப்பு. உருளியில் வெள்ளைக் கோடு படிந்தால் புளியும் கல்லுப்பும் போட்டுத் தேயுங்கள். பூவோ செடியோ, வாரம் இரண்டு முறை தண்ணீரை மாற்றாவிட்டால் கொசு முட்டையிடும்.

விளக்கைப் பொறுத்தவரை, மினுக்கும் பலவண்ண சீரியல் பண்டிகைக்கு மட்டும். தினமும் எரிய, மினுக்காத வார்ம் ஒயிட் எல்இடி சரம் வாங்குங்கள். அடாப்டர் வைத்ததாக, வெளியில் போட ஐபி65 (தூசியும் தண்ணீரும் புகாது என்பதற்கான குறி) என்று அச்சிட்டதாக இருக்கட்டும். 6 வாட் சரம் தினம் 5 மணி நேரம் எரிந்தால் மாதத்துக்கு ஒரு யூனிட்கூட ஆகாது. இரும்பு கேட்டில் மட்டும் சுற்றாதீர்கள்: கேட் ஆடும்போது வயரின் மேலுறை உரசிக் கிழியும். சுவரில் கிளிப் அடித்து ஓட்டுங்கள், அடாப்டரை மழைச்சாரல் படாமல் வீட்டுக்குள் வையுங்கள்.