பழைய 911 உழைக்குமா, புதியது உழைக்குமா?

கேள்வி: டொரான்டோவில் இருக்கிறேன். போர்ஷே 911 ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று வாங்க வேண்டும் என்பது நெடுநாள் ஆசை. 1986 ஏர்கூல்டு (காற்றால் குளிரும் எஞ்சின்) கரேரா மாடல் ஒன்றும், 2002 வாட்டர்கூல்டு (தண்ணீரால் குளிரும் எஞ்சின்) கரேரா ஒன்றும் விலைக்கு வந்திருக்கின்றன. 2002 வண்டி பாதி விலைதான். ஆனால் "அந்த எஞ்சின் உடைந்துவிடும், பழசுதான் கெட்டி" என்கிறார்கள் நண்பர்கள். உண்மையா?

பதில்: பாதி உண்மை. 2002 எஞ்சினில், பிஸ்டன்கள் சுழற்றும் கிராங்க் ஷாஃப்டுக்கும் வால்வுகளைத் திறக்கும் கேம் ஷாஃப்டுகளுக்கும் நடுவே, செயின் வழியாகச் சுழற்சியைக் கடத்தும் ஒரு இடைத்தண்டு உண்டு. அதன் ஒரு முனையைத் தாங்குவது சீல் செய்த பால் பேரிங். உள்ளே கிரீஸ் அடைத்தே வரும். வருடங்கள் ஆக ஆக சீல் தளர்ந்து, சூடான எஞ்சின் ஆயில் கசிந்து உள்ளே போய் கிரீஸைக் கழுவிவிடும். அதே சமயம், புது ஆயில் அங்கே ஓடி வரவும் வழியில்லை. பேரிங் சிதறினால் செயின் டைமிங் தப்பும், வால்வும் பிஸ்டனும் மோதும், எஞ்சின் போச்சு. அமெரிக்காவில் 2001 முதல் 2005 வரையிலான மாடல்களை வாங்கியவர்கள் இதற்காக வழக்குப் போட்டு, 2013-ல் சமரசம் ஆனது. எல்லா வண்டியிலும் இது உடைவதில்லை. ஆனால் உடைந்தால் செலவு வண்டி விலையைத் தொடும்.

1986 எஞ்சினிலும் இதே மாதிரி ஒரு இடைத்தண்டு இருக்கிறது. அதில் பால் பேரிங் கிடையாது. குண்டே இல்லாத வழுவழுப்பான வளையமான ப்ளெயின் பேரிங்கில் சுற்றுகிறது, அழுத்தத்தோடு ஆயில் போய்க்கொண்டே இருக்கிறது. அங்கே யாரும் கை வைக்கத் தேவையே வருவதில்லை.

அதற்காக "பழசெல்லாம் கெட்டி" என்று சொன்னால் ஒப்புக்கொள்ள மாட்டேன். 1974 முதல் 1977 வரை வந்த 2.7 லிட்டர் 911-இன் கிராங்க் கேஸ் (எஞ்சினின் அடிக்கூடு) மெக்னீசியம். சூட்டில் அது விரிந்து, சிலிண்டர் ஹெட்டைப் பிடித்திருக்கும் ஸ்டட்கள் (நீண்ட போல்ட்கள்) மரையோடு பிடுங்கிக்கொண்டு வந்துவிடும். 1978-ல் அலுமினியம் கிராங்க் கேஸ் வந்த பிறகுதான் அந்தத் தலைவலி தீர்ந்தது. செயினை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர் இன்னொரு தொல்லை. 1984 மாடலில் எஞ்சின் ஆயில் அழுத்தத்தில் இயங்கும் டென்ஷனர் வைத்த பிறகு அதுவும் அடங்கியது. ஆக, உங்கள் 1986 வண்டியில் இருப்பது இருபது வருடம் அடிபட்டுத் தேறிய எஞ்சின். இதே 911-ஐ 1975 மாடலாகக் கேட்டிருந்தால் என் பதில் வேறாக இருந்திருக்கும்.

1986-க்கும் ஒரு குறை உண்டு: வால்வு ஏறி இறங்கும் குழாயான வால்வு கைடு தேயும், ஆயில் குடிக்கும், புகை வரும். ஆனால் ஆறு சிலிண்டரும் தனித்தனி. எஞ்சினை இறக்கி, கெட்டதை மட்டும் கழற்றி மாற்றலாம். 2002 எஞ்சினில் சிலிண்டர்கள் கிராங்க் கேஸோடு சேர்த்தே வார்த்தவை. ஒன்றில் கீறல் விழுந்தாலும் கேஸ் முழுவதையும் பிரித்துக் கடைந்து உள்ளே ஸ்லீவ் (புது உறை) போட வேண்டும். பட்டறைக்காரனாக எனக்குப் பெரிய வித்தியாசம் இதுதான்.

கேள்வி: அப்படியென்றால் 2002-ஐ விட்டுவிடவா?

பதில்: விட வேண்டியதில்லை. 2005 வரையிலான பெரும்பாலான எஞ்சின்களில் கியர் பாக்ஸை இறக்கினால் அந்த பேரிங் கைக்கு எட்டும். கிளட்ச் வேலையோடு சேர்த்து மேம்பட்ட பேரிங் போட்டுக்கொள்ளலாம். விற்பவர் ஏற்கனவே மாற்றியிருந்தால் பில்லைக் கேளுங்கள். வாய்வார்த்தை போதாது. 2006 முதல் 2008 வரை பேரிங் பெரிது, உறுதியும் அதிகம். ஆனால் எஞ்சினைப் பிளக்காமல் வெளியே எடுக்க முடியாது. 2009 கரேராவில் இடைத்தண்டையே எடுத்துவிட்டார்கள்.

வாங்குமுன் ஒன்று செய்யுங்கள். மெக்கானிக்கிடம் ஆயில் ஃபில்டரைக் கழற்றச் சொல்லி, அதன் காகிதத்தை வெட்டி, மடிப்பு மடிப்பாக வெளிச்சத்தில் விரித்துப் பாருங்கள். மினுமினுவென்று துகள் இருந்தால் காந்தத்தை அருகில் கொண்டுபோங்கள். ஒட்டினால் இரும்பு, பேரிங்கைச் சந்தேகப்படுங்கள். ஒட்டாமல் மினுங்கினால் பெரும்பாலும் அலுமினியம், சிலிண்டர் சுவர் கீறியிருக்கலாம். சிலிண்டருக்குள் சின்ன கேமரா விட்டுச் சுவரைப் பாருங்கள். ஃபில்டரில் பிளாஸ்டிக் துணுக்கு என்றால் செயினைத் தாங்கும் கைடு தேய்கிறது. ஃபில்டரை வெட்ட விடமாட்டேன் என்கிற ஆளிடம் வண்டி வாங்காதீர்கள்.

கேள்வி: தினமும் வேலைக்கு ஓட்டலாமா?

பதில்: 2002-ஐ ஓட்டலாம். ஆனால் டொரான்டோ குளிரில் எஞ்சின் சூடாவதற்குள் இறங்கிப் போகிற தூரம் என்றால் ஆயிலில் பெட்ரோலும் ஈரமும் சேரும். கிலோமீட்டர் கணக்குப் பார்க்காமல் வருடம் ஒரு முறையாவது ஆயிலை மாற்றுங்கள். 1986-ஐ சாலையில் உப்புப் போடும் மாதங்களில் வெளியே எடுக்காதீர்கள். எஞ்சின் தாங்கும், பாடி தாங்காது.