வேஷம் கட்டிய சிப்பாய்கள்

கேள்வி: ‘கங்கா தின்’ (1939) ஹாலிவுட் படத்தைப் பேத்தியோடு பார்த்தேன். “இந்த இந்தியர்கள் முகத்தில் மை பூசியிருக்கா தாத்தா?” என்கிறாள். நிஜ இந்தியர் கிடைக்கவில்லையா அவர்களுக்கு?
– வாசகர், தோ பாயோ

பதில்: பேத்திக்கு நல்ல கண், ஐயா. மைதான். பிரிட்டிஷ் பட்டாளத்துக்குத் தண்ணீர் சுமக்கும் கங்கா தின், நியூயார்க்கில் பிறந்த யூத நடிகர் சாம் ஜாஃபி. கழுத்தை நெரித்துக் கொல்லும் காளி பக்தர்களின் குரு எடுவார்டோ சியானெல்லி, இத்தாலிக்காரர். இந்திய மலை என்று காட்டுவதுகூடக் கலிஃபோர்னியாவின் லோன் பைன் பாறைகள்தான்!

மை எனக்குப் பெரிய குறையில்லை. கூத்து பார்த்து வளர்ந்தவர்கள் நாம், வேஷம் புதிதா? எழுதிக்கொடுத்த பாத்திரம்தான் உறுத்துகிறது. இந்தியன் என்றால் ஒன்று சலாம் போடுவான், இல்லை கழுத்தை நெரிப்பான். கங்கா தினுக்குச் சிப்பாய் ஆக ஆசை. கத்திக்குத்துப் பட்டும் கோயில் கோபுரத்தில் ஏறி எக்காளம் ஊதி, வெள்ளைக்காரப் பட்டாளத்தைக் காப்பாற்றிச் சாகிறான். செத்த பிறகுதான் பதவி! அந்தக் குருவைப் பாருங்கள்: என் நாட்டுக்காகச் சாகிறேன் என்று பாம்புக் குழியில் தானே குதிக்கிறார். நாட்டுப்பற்று பேச ஒரே ஒருவன், அவனும் வில்லன். பம்பாயிலும் வங்காளத்திலும் படத்துக்குத் தடை விழுந்ததில் ஆச்சரியமென்ன?

படம் வந்து நாலே வருடத்தில், 1943 அக்டோபரில், நம் சிங்கப்பூர் வாட்டர்லூ ஸ்திரீட்டில் நேதாஜியின் பெண்கள் படையான ஜான்சி ராணி படைக்கு முகாம் திறந்தார்கள். மலாயா ரப்பர் தோட்டத்துத் தமிழ்ப் பெண்களும் துப்பாக்கி பிடித்தார்கள். அப்படி ஓர் இந்தியச் சிப்பாயை எந்த ஸ்டூடியோ கற்பனை செய்தது?

நிஜ இந்தியர் கிடைக்காமலும் இல்லை. மைசூர் யானைப்பாகன் மகன் சாபு இருந்தான். அவனைக் கண்டெடுத்தது ஹாலிவுட் இல்லை, லண்டன் கம்பெனி. ஆனால் ‘தி டிரம்’ (1938) படத்தில் அவனுக்குக் கொடுத்த வேலை? முரசு கொட்டி வெள்ளைக்காரரை எச்சரிப்பது. எக்காளத்துக்குப் பதில் முரசு, அவ்வளவே. பிறகு அமெரிக்கக் குடிமகனாகி, நிஜமாகவே குண்டுவீச்சு விமானத்தில் துப்பாக்கி வீரராகப் பறந்து, வீரப் பதக்கமும் வாங்கினார் சாபு.

பேத்திக்கு அடுத்து ‘எலிஃபண்ட் பாய்’ (1937) போட்டுக் காட்டுங்கள். கதை சுமார்தான். யானை மேல் பையன் உட்காரும் அழகுக்கே பார்க்கலாம்.