வெளிநாட்டு டெக் வேலைக்கு சிவி எழுதும்போது எதில் கவனம் வைக்க வேண்டும்?

டெம்ப்ளேட் தேடுவதை நிறுத்துங்கள். அந்த நேரத்தை வேலை அனுபவத்தின் கீழ் வரும் வரிகளுக்குக் கொடுங்கள். இன்டர்வியூவுக்குக் கூப்பிடுவதா வேண்டாமா என்பது பெரும்பாலும் அங்கேதான் முடிவாகிறது.

"பேமென்ட் மாட்யூலில் பணியாற்றினேன்" என்று எழுதினால், நீங்கள் கோட் எழுதினீர்களா, டெஸ்ட் செய்தீர்களா என்பதுகூடப் படிப்பவருக்குத் தெரியாது. இப்படி எழுதிப் பாருங்கள்: "ஆர்டர் தேடும் பக்கம் திறக்க 4 விநாடி ஆனது. போஸ்ட்கிரெஸ் டேபிளில் இன்டெக்ஸ் சேர்த்து, அடிக்கடி கேட்கப்படும் தகவலை ரெடிஸில் கேஷ் செய்து, 600 மில்லிசெகண்டுக்குக் குறைத்தேன்." என்ன சிக்கல், நீங்கள் என்ன செய்தீர்கள், எந்தக் கருவியால், பலன் என்ன, எல்லாம் வந்துவிட்டது. இன்டர்வியூ கேள்விகளும் இந்த வரியைப் பிடித்துத்தான் வரும். எனவே பத்து நிமிடம் விளக்கிப் பேச முடியாத எதையும் எழுதாதீர்கள். அளந்த எண் கையில் இல்லையா? கற்பனை எண் போட வேண்டாம். ஒரு நாளைக்கு எத்தனை ரிக்வெஸ்ட், எத்தனை சர்வர், டீமில் எத்தனை பேர் என்று வேலையின் அளவைச் சொன்னாலே போதும்.

உங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரிந்த கம்பெனியை வேறு நாட்டில் யாரும் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். பெயருக்குக் கீழே அது என்ன செய்கிறது, எவ்வளவு பெரியது என்று ஒரு வரி போடுங்கள். "சீனியர் அசோசியேட்" போன்ற பதவிப் பெயருக்குப் பக்கத்தில் "பேக்எண்ட் டெவலப்பர்" என்று உண்மையான வேலையையும் சேருங்கள். மதிப்பெண்ணை 8.4/10 என்று எதற்கு எவ்வளவு எனத் தெரியும்படி எழுதுங்கள். 03/04/2022 என்ற தேதி அமெரிக்கருக்கு மார்ச் 4, பிரிட்டிஷ்காரருக்கு ஏப்ரல் 3. மாதத்தை எழுத்தில் எழுதினால் குழப்பமே இல்லை.

அமெரிக்கா, பிரிட்டன், கனடாவுக்கு போட்டோ, பிறந்த தேதி, திருமண நிலை, மதம் எதுவும் கூடாது. பாகுபாட்டுப் புகார் வந்துவிடும் என்று அங்குள்ள கம்பெனிகள் இவற்றைப் பார்க்கவே விரும்புவதில்லை. ஜெர்மனியில் போட்டோ இன்னும் வழக்கத்தில் உண்டு, ஆனால் கட்டாயமில்லை. பாஸ்போர்ட் எண்ணை எந்த நாட்டுக்கும் சிவியில் போடாதீர்கள். விசா ஸ்பான்சர்ஷிப் தேவையா என்பதை மட்டும் மேலேயே ஒரு வரியில் சொல்லிவிடுங்கள்.

ஏடிஎஸ், அதாவது வரும் சிவிக்களைப் படித்துச் சேமிக்கக் கம்பெனிகள் வைத்திருக்கும் மென்பொருள், பற்றிய பயம் தேவைக்கு மேல் இருக்கிறது. நிஜமாகவே கெடுப்பவை பக்கத்தை இடம் வலமாக இரண்டாகப் பிரித்த லேஅவுட், டேபிள், ஹெடருக்குள் வைத்த போன் எண், திறமையைக் காட்டும் பட்டை வரைபடம் ஆகியவைதான். பிடிஎஃப்பைத் திறந்து, முழுவதையும் காப்பி செய்து நோட்பேடில் ஒட்டிப் பாருங்கள். வரிகள் முன்பின்னாகக் கலந்தாலோ, போன் எண் காணாமல் போனாலோ, மென்பொருளும் ஏறக்குறைய அப்படித்தான் படிக்கும். ரெக்ரூட்டர் வார்த்தை போட்டுத் தேடுவார் என்பதால், விளம்பரத்தில் "குபெர்னெட்டிஸ்" என்று இருந்தால் நீங்களும் K8s என்று சுருக்காமல் அதையே எழுதுங்கள், உங்களுக்கு அது தெரிந்திருந்தால் மட்டும்.

பத்து வருடத்துக்குள் அனுபவம் என்றால் ஒரு பக்கம், அதற்கு மேல் இரண்டு. இடம் போதாவிட்டால் முதலில் வெட்ட வேண்டியது "கேரியர் அப்ஜெக்டிவ்" என்று மேலே எழுதும் லட்சியப் பத்தி.