யாரிடம் வாங்கினோம் என்று சொல்லிவிடுங்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

மனச்சோர்வில் இருப்பவர்களுக்காக வாரம் ஒருமுறை ஒரு கூடுகை நடத்துகிறேன். வட்டமாக உட்காருவோம். ஒரு கோல் கைமாறிக்கொண்டே வரும், அதை வைத்திருப்பவர் மட்டும்தான் பேசலாம். என் வழிகாட்டி சொல்லிக்கொடுத்தது இது. வட அமெரிக்கப் பழங்குடிகளின் முறை என்று அவர் சொன்னதால் கோலில் இறகுகள் கட்டியிருக்கிறேன், தொடங்கும்போது மூலிகைப் புகையும் போடுவேன். போன வாரம் புதிதாக வந்த ஒருவர், "இதை எடுத்துக்கொள்ள உங்களுக்கு யார் அனுமதி கொடுத்தது?" என்று கேட்டுவிட்டார். நல்ல விஷயம் எங்கிருந்து வந்தால் என்ன என்று எனக்குத் தோன்றியது, ஆனால் வாய் வரவில்லை. நிறுத்திவிடலாமா? வழிகாட்டிக்கு வயதாகிவிட்டது, அவரிடம் கேட்கத் தயக்கம்.

(பெயர் வேண்டாம்)

அன்புள்ள நண்பருக்கு,

நிறுத்த வேண்டாம். இறகுகளை மட்டும் அவிழ்த்துவிடுங்கள், புகையையும் விட்டுவிடுங்கள்.

வட்டமாக உட்கார்ந்து பேசும் முறையை அந்த மக்களே மற்றவர்களுக்குத் திறந்து கொடுத்திருக்கிறார்கள். 1992இல் கனடாவின் யூகான் பகுதியில் பாரி ஸ்டூவர்ட் என்ற நீதிபதி, தண்டனையை முடிவுசெய்ய வேண்டிய ஒரு வழக்கில் நாற்காலிகளை வட்டமாகப் போடச் சொல்லி, குற்றம் செய்தவர், அவருடைய குடும்பம், ஊர்க்காரர்கள், போலீஸ், வக்கீல்கள் எல்லோரோடும் சமமாக உட்கார்ந்து பேசினார். அங்கே இருந்தவர்களிடம் கற்றுக்கொண்டு கே பிரானிஸ் என்ற பெண்மணி இந்த முறையை அமெரிக்காவின் மினசோட்டாவுக்குக் கொண்டுபோனார். 2003இல் இதைப் பற்றி அவர் புத்தகம் எழுதியபோது ஸ்டூவர்ட் மட்டுமில்லை, யூகானின் பழங்குடிகளான டாகிஷ் ட்லிங்கிட் மரபைச் சேர்ந்த மார்க் வெட்ஜும் இணையாசிரியராக இருந்தார். சொல்லிக்கொடுத்த மக்களில் ஒருவருடைய பெயர் நன்றியுரையில் ஒரு வரியாக ஒதுங்கிவிடாமல் அட்டையிலேயே வந்தது. எனக்கு மிகவும் பிடித்த விஷயம் இது.

இறகும் புகையும் வேறு கதை. பல பழங்குடிகளிடம் கழுகு இறகு என்பது ஒருவருக்குப் பெரியவர்கள் பார்த்துக் கொடுக்கும் கௌரவம், நாமாக வாங்கிக் கட்டிக்கொள்வது இல்லை. அமெரிக்கப் பழங்குடிகளான லகோட்டா மக்கள் 1993இல், எங்கள் சடங்குகளை எடுத்து நடத்துவதையும் விற்பதையும் நிறுத்துங்கள் என்று வெளிப்படையாகவே ஒரு பிரகடனம் செய்தார்கள். வேண்டாம் என்று ஒருவர் வாய்விட்டுச் சொன்ன பிறகு மரியாதைக்காகத்தான் செய்கிறேன் என்று நாம் சொல்வதில் அர்த்தம் இல்லை. உங்கள் கூடுகையில் மனிதர்களுக்கு உதவுவது குறுக்கே யாரும் பேசாத அந்த அமைதிதான், பேச மனமில்லாதவர் கோலைப் பக்கத்தில் இருப்பவரிடம் தந்துவிட்டுச் சும்மா இருக்கலாம் என்ற அந்த அனுமதிதான். அதற்குச் சாதாரணக் குச்சி போதும்.

நல்ல விஷயம் எங்கிருந்து வந்தால் என்ன என்கிறீர்கள். இங்கே நான் உங்களோடு கடுமையாகவே முரண்படுகிறேன். கனடாவில் பழங்குடிகளின் பாட்லாட்ச் என்ற விருந்துச் சடங்கை 1884இல் சட்டம் போட்டுத் தடுத்தார்கள், அந்தத் தடை 1951 வரை சட்டப் புத்தகத்தில் இருந்தது. நடுவில் சடங்கு நடத்தியதற்காகச் சிறைக்குப் போனவர்கள் உண்டு, முகமூடிகளையும் செம்புத் தகடுகளையும் அரசு பறித்துக்கொண்டு போனது. அப்படியெல்லாம் பட்ட மக்கள் விடாமல் காப்பாற்றி வைத்த மரபுகளிலிருந்து வந்த ஒன்றை நாம் சௌகரியமாக உட்கார்ந்து பயன்படுத்தும்போது, 'பழங்கால ஞானம்' என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லிவிட்டுப் போவது அநியாயம். எந்த மக்கள், என்ன பெயர் என்று தெரிந்துகொண்டு சொல்ல வேண்டும்.

அப்புறம் உங்கள் வழிகாட்டி. விபாசனா தியானம் கற்பித்த கோயங்கா, பர்மாவில் அரசுக் கணக்குத் துறைத் தலைவராக இருந்த ஊ பா கின்னிடம் 1955இல் ஒற்றைத் தலைவலிக்காகப் போனவர். தலைவலிக்காக என்றால் வராதே என்று முதலில் சொல்லிவிட்டார் அவர். 1969இல் இந்தியாவுக்கு வந்து கற்பிக்க ஆரம்பித்த கோயங்கா 2013இல் இறக்கும்வரை தன் ஆசிரியரின் பெயரை விடவே இல்லை. மும்பைக்கு அருகே இருக்கும் பெரிய பகோடாவை ரங்கூனின் ஷ்வேடகோன் வடிவத்தில் எழுப்பியதே பர்மாவுக்கு நன்றி சொல்லத்தான். ஆனால் அந்தக் கட்டடத்தைவிட எனக்குப் பெரிதாகப் படுவது வேறொன்று: முகாம்களுக்குக் கட்டணம் வாங்கவில்லை, இன்றும் வாங்குவதில்லை. ஆசிரியரின் பெயரைச் சொல்வது சுலபம், வித்தையை விற்காமல் வைத்திருப்பதுதான் கஷ்டம்.

அதனால் தயங்காமல் போய் அவரைப் பாருங்கள். நீங்கள் நடத்துவதைச் சொல்லுங்கள், சந்தோஷப்படுவார் என்றுதான் நினைக்கிறேன். யாரிடம், எங்கே கற்றார், கற்றுக்கொடுத்தவர் எந்த மக்களைச் சேர்ந்தவர், 'இதை மட்டும் செய்யாதே' என்று ஏதாவது சொன்னாரா என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். வயதானவர், பிறகு பார்க்கலாம் என்று தள்ளிப்போட வேண்டாம். அடுத்த கூடுகையில் கோலைக் கையில் எடுத்ததும் முதலில் அந்தப் பெயர்களைச் சொல்லிவிட்டு ஆரம்பியுங்கள். கேள்வி கேட்ட அந்த நண்பரையும் மறக்காமல் கூப்பிடுங்கள்.