மின்சாரம் போனால் பாட்டும் போகுமா?

குமரி மாவட்டக் குலசேகரத்துக்கு அருகிலிருந்து, பணி ஓய்வு பெற்ற ஆசிரியை ஒருவர் கேட்கிறார்: "என் மடிக்கணினியில் ஏறத்தாழ 4,000 பாடல்கள் உள்ளன. எங்கள் ஊர்க் கோயில் கொடை விழாவில் பதிவு செய்த வில்லுப்பாட்டு, 60 கேசட்டுகளில் இருக்கிறது. எல்லாவற்றையும் ராஸ்பெர்ரி பை என்னும் சிறு கணினியில் சேர்த்து, வீட்டில் உள்ளவர்கள் கைபேசி வழியாகக் கேட்கும்படி செய்ய விரும்புகிறேன். இங்கே மின்சாரம் அடிக்கடி போகும். போனால் பாடல்கள் அழிந்துவிடும், எனவே 4 டெராபைட் கொண்ட பெரிய சேமிப்புப் பெட்டிதான் வாங்க வேண்டும் என்கிறார் கடைக்காரர். உண்மையா?"

அம்மா, பாடல் ஒலித்துக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போனால் பாடல் நிற்கும், அழியாது. கேட்பது என்றால் கணினி கோப்பைப் படிக்கிறது, அவ்வளவே. ஆபத்து எழுதும்போதுதான். கணினியின் இயங்குதளமோ, நாம் அதைத் தொடாத நேரத்திலும், தன் குறிப்புகளை மெமரி கார்டில் எழுதிக்கொண்டே இருக்கும். அந்த நேரத்தில் மின்சாரம் அறுபட்டால் கார்டு கெடக்கூடும். பாடல்களையும் அதே கார்டில் வைத்திருப்பவர்களுக்கு இரண்டும் ஒன்றாகப் போகின்றன. நான் கேட்ட புலம்பல்கள் பலவற்றுக்கும் காரணம் இதுவே.

ஆகவே இரண்டையும் பிரித்து வையுங்கள். 32 ஜிபி கார்டில் இயங்குதளமும், பாடல்களைப் பட்டியலிட்டுக் கைபேசிக்கு அனுப்பும் நாவிட்ரோம் என்ற இலவச மென்பொருளும் இருக்கட்டும். பாடல்கள், நீல நிற யுஎஸ்பி துளையில் செருகிய எஸ்எஸ்டி என்னும் தனிச் சேமிப்பகத்தில் இருக்கட்டும். கார்டு கெட்டால் புதுக் கார்டில் மீண்டும் நிறுவிக்கொள்ளலாம்; மென்பொருள் எஸ்எஸ்டியை மறுபடி அலசிப் பட்டியலைத் தயாரித்துக்கொள்ளும், பாடல்களில் ஒன்றும் குறையாது. எஸ்எஸ்டியை, கோப்புகளை அடுக்கும் முறைகளில் ஒன்றான எக்ஸ்ட்4 முறையில் ஃபார்மட் செய்யச் சொல்லுங்கள். கடையிலிருந்து பெரும்பாலும் எக்ஸ்ஃபேட் முறையில் வரும். எழுதும்போது பாதியில் நின்றதைச் சீர்செய்துகொள்ளும் ஏற்பாடு எக்ஸ்ட்4 முறையில் உண்டு, எக்ஸ்ஃபேட்டில் இல்லை.

ராஸ்பெர்ரி பை 4 என்ற வகை, 2 ஜிபி நினைவகம் கொண்டது, உங்களுக்குத் தாராளம். பை 5 வேண்டாம். அதற்கு விலை கூடிய தனி அடாப்டர் வேண்டும், ஹெட்போன் துளையும் கிடையாது. கைபேசி அடாப்டரைச் செருகிச் சமாளிக்காமல், 5 வோல்ட், 3 ஆம்பியர் தரும் அடாப்டரையே வாங்குங்கள். வீட்டுக்குள் கேட்க இணையம் தேவையில்லை, வைஃபை ரவுட்டர் இயங்கினால் போதும். நாள் முழுவதும் சராசரியாக 8 வாட் இழுத்தாலும் மாதத்துக்கு 6 யூனிட்டைத் தாண்டாது.

4 டெராபைட், அதாவது 4,000 ஜிபி, பற்றிய கணக்கை நீங்களே போட்டுப் பாருங்கள். ஒரு பாடல் 5 எம்பி என்றால் 4,000 பாடல்களுக்கு 20 ஜிபி. சுருக்காத ஒலிப்பதிவு நிமிடத்துக்கு ஏறத்தாழ 10 எம்பி. ஒரு மணி நேரக் கேசட்டுக்கு 600 எம்பி. 60 கேசட்டுகளுக்கு 36 ஜிபி. இரண்டும் சேர்ந்து 56 ஜிபி. 256 ஜிபி எஸ்எஸ்டியிலேயே முக்கால் பங்கு காலியாகக் கிடக்கும் ஒருவரிடம் 4 டெராபைட் பெட்டியை விற்க முயல்வது ஆலோசனை ஆகாது. மின்தடையைக் காட்டிப் பயமுறுத்தி விற்பது அதைவிட மோசம்.

பாதி விலைக்கு 512 ஜிபி கார்டு என்று யாராவது நீட்டினாலும் வாங்காதீர்கள். போலிக் கார்டின் உண்மையான கொள்ளளவு பெரும்பாலும் 16 அல்லது 32 ஜிபி போலச் சிறியதாக இருக்கும். கணினியிடம் 512 என்று பொய் சொல்லும், நகலெடுக்கும்போது எந்தப் பிழையும் காட்டாது, பின்னர் திறந்தால் பாடல் இருக்காது. எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற இலவசச் செயலி, கார்டை முழுவதும் நிரப்பித் திரும்பப் படித்து, உண்மையைச் சொல்லிவிடும். இந்த ஏமாற்று இத்தனை ஆண்டுகளாகக் கடைத்தெருவில் நடக்கிறது, தட்டிக்கேட்க ஒருவரும் இல்லை. வாங்குபவரே சோதித்துக்கொள்ள வேண்டிய நிலைமை எனக்கு ஆற்றாமையைத் தருகிறது. உத்தரவாத அட்டையும் உதவாது. அது எஸ்எஸ்டிக்குத்தான், அதிலுள்ள வில்லுப்பாட்டுக்கு அல்ல.

தனி யுபிஎஸ் வேண்டாம் என்பேன், வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தால். ஆனால் இதில் ஒரு விலக்கை விரிவாகச் சொல்ல வேண்டும். நம் வீடுகளில் இன்வெர்ட்டர் இணைப்பு பெரும்பாலும் விளக்குக்கும் விசிறிக்கும்தான் இருக்கும். பிளக் பாயிண்டுகளுக்கு இருக்காது. ஆகவே பையும் ரவுட்டரும் செருகப்பட்ட பாயிண்டுக்கு அந்த இணைப்பு உண்டா என்று முதலில் பாருங்கள். இருந்தாலும் போதாது. பல இன்வெர்ட்டர்களின் பின்புறம் யுபிஎஸ் நிலை என்று ஒரு சுவிட்ச் உண்டு. அது அணைந்திருந்தால் மின்சாரம் மாறும் நொடிக்குள் சிறு கணினி நின்று மீண்டும் தொடங்கிவிடும், விசிறி சுழன்றுகொண்டே இருப்பதால் உங்களுக்கு அது தெரியவே தெரியாது. பாடல்களை ஏற்றுவதற்கு முன், இரண்டு சோதனைப் பாடல்களை மட்டும் வைத்து ஒலிக்கவிட்டு, மெயின் சுவிட்சை அணைத்துப் பாருங்கள். பாட்டு தடைபடாமல் தொடர்ந்து, உடனே மாற்றிப் போட்ட மற்றப் பாட்டும் ஒலித்தால் சரி. பராமரிப்பு என்று காலை ஒன்பது மணிக்கு நிறுத்திய மின்சாரம், சொன்ன நேரத்துக்கு முன் இரண்டு முறை வந்து வந்து போகும் ஊர்களில் இந்தச் சோதனை அவசியம்.

ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் மாலை இடி தொடங்கியதும் பையின் பிளக்கையும் ரவுட்டரின் பிளக்கையும் கழற்றிவிடுங்கள். மின்னலை இன்வெர்ட்டர் தடுக்காது. கழற்றும் முன் கணினியை முறைப்படி நிறுத்த வேண்டும்.

கேசட்டுகளை நேராகப் பையில் பதியாதீர்கள். பேட்டரி உள்ள உங்கள் மடிக்கணினியில் ஆடாசிட்டி மென்பொருளைக் கொண்டு பதிந்து, கேட்டுச் சரிபார்த்து, பிறகு எஸ்எஸ்டிக்கு நகலெடுங்கள். பதிவு நடக்கும்போது மின்சாரம் போனாலும் மடிக்கணினி நிற்காது. ஒவ்வொரு ஐந்து கேசட் முடிந்ததும் இன்னொரு சிறிய எஸ்எஸ்டியில் இரண்டாவது நகலைச் சேர்த்துக்கொண்டே வாருங்கள். அது எக்ஸ்ஃபேட்டிலேயே இருக்கட்டும், எந்தக் கணினியிலும் திறக்கும். அதை உங்கள் வீட்டில் வைக்காமல், நாகர்கோவிலிலோ மார்த்தாண்டத்திலோ உள்ள உறவினர் வீட்டு அலமாரியில் வையுங்கள். மூலக் கேசட்டுகளை, பதிவு முடிந்த பின்னும், எறிந்துவிட வேண்டாம்.