பாட்டி நடந்து வந்தாரா, கப்பலில் வந்தாரா?

தம்பி, பர்மாவிலிருந்து "நடந்து வந்தோம்" என்று பாட்டி சொல்கிறார், "கப்பலில் வந்தோம்" என்று பெரியப்பா சொல்கிறார், யாரை நம்புவது என்று கேட்டிருக்கிறீர்கள். இருவரையும் நம்புங்கள். பர்மாவிலிருந்து வந்தவர்கள் குடியேறிய சென்னை வியாசர்பாடியில் பல வீடுகளில் இந்தச் சண்டை உண்டு. எங்கள் வீட்டிலும் நடந்தது.

ரங்கூன்மீது ஜப்பானியர் குண்டு போட்டது 1941 டிசம்பரில். அதன்பின் லட்சக்கணக்கான இந்தியர்கள் அரக்கான் வழியாகவும் மணிப்பூர் வழியாகவும் காடு மலை கடந்து நடந்தார்கள். வழியிலேயே இறந்தவர்கள் ஏராளம். போர் முடிந்ததும் பலர் பர்மாவுக்கே திரும்பிப் போனார்கள். இதைத்தான் நாம் மறந்துவிடுகிறோம். 1962இல் பர்மாவின் ராணுவத் தளபதி நே வின் ஆட்சியைப் பிடித்தார். 1964இல் கடைகள் அரசுடைமையாயின. அதே ஆண்டு மே மாதம் 50, 100 கியாட் நோட்டுகளும் செல்லாமல் போயின. அப்போது இந்தியா வந்தவர்கள் பெயருக்குத்தான் 'தாயகம் திரும்பியோர்'. உண்மையில் பிழைப்பைப் பிடுங்கித் துரத்தினார்கள். கப்பல் கதை இந்தக் காலத்தது.

"எந்த வருடம்" என்று பாட்டியிடம் கேட்காதீர்கள், குழம்பிவிடுவார். கடை பறிபோனதா, நகையைச் சோதனையில் பிடுங்கினார்களா, அப்போது பெரியப்பாவுக்கு எத்தனை வயது என்று கேளுங்கள். தகரப் பெட்டியில் இந்தியத் தூதரகம் கொடுத்த பயணச் சான்று இருக்கலாம். கிடைத்தால் உடனே புகைப்படம் எடுத்துவிடுங்கள், பழைய தாள் மடிப்பில் உடையும். அக்கால அரசாணைகளுக்கு எழும்பூர் ஆவணக் காப்பகம் இருக்கிறது. கடற்கரை ரயில் நிலையத்தருகே அத்தோ என்ற பர்மிய நூடுல்ஸ் விற்பவர்களிடமும் விசாரியுங்கள். பசியோடு மட்டும் போகாதீர்கள், கேள்வி மறந்துவிடும்.